கோவளம் மணல்தீவு: நீளம் அறுபத்து நான்கு மீட்டர்

கல்லூரி ப்ராஜெக்டுக்காக 2007 மே மாதம் ஒரு சனிக்கிழமை, கோவளம் கழிமுகத்தில் இருக்கும் மணல்தீவுக்குப் போனோம். தீவு என்றதும் தென்னை மரங்களை எதிர்பார்க்க வேண்டாம்; கொஞ்சம் புல்லும் நிறையச் சிப்பியும்தான். வேலையை மூன்றாகப் பிரித்திருந்தோம். பறவைகள் கவிதாவுக்கு, வரலாறு பிரபுவுக்கு, புவியியல் எனக்கு. நீள அகலம் போட்ட வரைபடம் இல்லாவிட்டால் மதிப்பெண்ணில் கை வைப்பேன் என்று துறைத்தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

காட்டாங்குளத்தூரில் காலை 5.40க்கு ரயில், வண்டலூருக்கு நான்கு ரூபாய். அங்கிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்குப் பேருந்து, ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், பத்து ரூபாய். உட்கார இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். 7.15க்கு இறங்கினோம். படகு, உள்ளூர் மீனவர் முனுசாமி அண்ணாவுடையது. மூன்று பேருக்கும் சேர்த்து நூற்றைம்பது.

தீவில் இறங்கும்போதே, "பாத்துக் கால வையி தம்பி. ஆலா முட்டை வெச்சிக்கீது," என்றார் அவர். ஆலா, வெயில் காலத்தில் வெறும் மணலிலேயே முட்டையிடும் கடற்பறவை. பறவை கவிதாவின் இலாகா ஆயிற்றே, எனக்குக் காதில் ஏறவில்லை. டேப்பின் ஒரு முனையைப் பிரபுவிடம் கொடுத்துவிட்டு, எண்ணில் மட்டும் கண்ணை வைத்துப் பின்பக்கமாகவே நடந்தேன். அறுபத்து நான்கு மீட்டர்.

காலடியில் ஏதோ நொறுங்கியது. சிப்பி என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால், மணல் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். இரண்டுமே உடைந்திருந்தன. தலைக்கு மேலே ஒரு ஆலா கத்திக்கொண்டே சுற்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

"நாங்க வலை காய வெக்கற எடம் இது," என்றார் முனுசாமி அண்ணா. "முட்டை வெச்சிட்டா நாங்களே எறங்க மாட்டோம். படிக்கிற புள்ளைங்களாச்சேன்னு இட்டாந்தேன்."

பிரபு அதைத் தன் வரலாற்றுக் குறிப்பில் தலைநிமிராமல் எழுதிக்கொண்டான். அகலத்தை அளக்காமலே கிளம்பினோம்.

திரும்பும் பேருந்தில் கவிதா தன் அட்டவணையை நீட்டினாள். கூடுகள் பன்னிரண்டு, அழிந்தது ஒன்று. நாய், காகம், அலை என்று காரணம் எழுதவேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

"நீயே எழுதுடா."

என் பெயரை எழுதினேன். அரைகுறை வரைபடத்துக்கு மதிப்பெண் குறைந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் முறையிடவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கோடையில் போனால் படகிலிருந்தே பைனாகுலரில் பாருங்கள். தீவின் நீளம் யாருக்காவது தேவைப்பட்டால் அறுபத்து நான்கு மீட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக இன்னொருவர் இறங்க வேண்டாம்.