மூக்கு வைத்த மொட்டைக் காசு

என் அத்தான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறார். வந்து இறங்கும் கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்து, கீறல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று பார்த்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான். முன்னறையில் ஆட்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இது எனக்கு நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா என்று மாற்றி மாற்றிக் கேட்பார்கள். பின்னறைக்கு வந்து அத்தானிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். அவர் தொண்டையைச் செருமினாலே அக்கா பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்துவிடுவாள். அக்கா மகள் காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். நான் எலக்ட்ரீஷியன். மீட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போக எனக்கு எந்த வீட்டிலும் உரிமை உண்டு. அதை இங்கேதான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன்.

எங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பேசுவதெல்லாம் மொட்டைக் காசைப் பற்றித்தான். காசு அடிக்கும் ஆலையில் முதலில் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டுவார்களாம். பிறகு ஓரத்தை நெருக்கி ஒரு மேடு எழுப்புவார்களாம். அதற்கும் பிறகுதான் படமும் எழுத்தும் அடிப்பார்களாம். லட்சக்கணக்கில் ஓடும்போது ஒன்றிரண்டு மட்டும் அடி வாங்காமல் தப்பித்து, மற்ற காசுகளோடு கலந்து வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் மழமழவென்று இருக்கும் அந்த வட்டத்தைத்தான் பதினேழு வருடமாக அத்தான் தேடித் தேடிச் சேர்க்கிறார். மேடு எழுப்பிய பிறகு தப்பித்தது ஒரு வகை. மேடு எழுப்புவதற்கு முன்பே தப்பித்தது இன்னொரு வகை, அது இன்னும் அபூர்வம். ஆல்பம் முழுக்க ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பக்கம் பக்கமாகப் புரட்டி விளக்குவார்.

தரம் பார்க்க உட்கார்ந்தால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மில்லிகிராம் காட்டும் தராசு என்பதால் ஃபேன் ஓடக்கூடாது. நாங்கள் வியர்த்து வழிவோம். அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, ஒன்றின் கீழே முன்பக்கம் என்றும் மற்றதன் கீழே பின்பக்கம் என்றும் எழுதுவார். எது முன்பக்கம் என்று எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதோடு சரி, மறுபடி கேட்கவில்லை.

இந்தப் பூமியில் அவர் பேச்சை உட்கார்ந்து கேட்கிறவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அத்தானையும் சேர்த்து ஒன்பது பேராக ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஒரு தையல் வகுப்பு நடக்கும் மாடி அறையில் கூடுவார்கள். வகுப்பு நடத்தும் டீச்சர்தான் தலைவர். ஒருமுறை இரண்டு பேருக்குள் தகராறு முற்றி, சரி, காசு சுண்டிப் பார்த்துவிடலாம் என்று சுண்டிவிட்டு, விழுந்த காசைச் சுற்றி வெகுநேரம் நின்றிருக்கிறார்கள். பூவும் இல்லை, தலையும் இல்லை. அப்படிப்பட்ட சங்கம்.

அந்தச் சங்கத்தில் தரம் பார்ப்பவர் என்ற பதவி அத்தானுடையது. முதல் தரம் முதல் ஏழாம் தரம் வரை அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தால்தான் காசுக்கு மரியாதை. "சார், இது எப்படி சார் இருக்கு?" என்று எட்டுப் பேரும் அவரிடம் வந்து நிற்பார்கள். வருடா வருடம் கை தூக்கி அவரையே தேர்ந்தெடுப்பார்கள். வேறு யாரும் போட்டி போட்டதில்லை.

போன வருடம்தான் ஒன்பதாவது ஆளாக ஒரு பல் டாக்டர் சேர்ந்தார். மைக்ரோஸ்கோப்போடு சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் மாதமே, இந்த வருடம் தரம் பார்க்கும் பதவிக்கு நானும் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்க ஏன் கவலைப்படறீங்க? உங்க அனுபவத்துக்கு முன்னாடி மைக்ரோஸ்கோப் எம்மாத்திரம்?" என்றேன்.

"அது போச்சுன்னா எனக்கு வேற என்ன மாப்ள இருக்கு?" என்றார்.

தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

தேர்தல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, தன் முதல் தரக் காசை எனக்குக் காட்டினார். மூன்று வருடம் முன்பு அவர் சட்டைப் பையில் சில்லறையோடு சில்லறையாகக் கிடைத்தது அது. பஸ் கண்டக்டர் கொடுத்த பாக்கியில் வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, இன்னொன்று கிடைக்காதா என்று இரண்டு மாதம் அதே பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தார். மேடு இல்லாத அபூர்வ வகை. போதாக்குறைக்கு ஓரத்தில் கடுகளவு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கு. அந்த மூக்கைப் பற்றி மட்டும் நாலு பக்கக் கட்டுரை எழுதிச் சங்கத்தில் வாசித்திருக்கிறார். வயர் இழுக்கும் முரட்டுக் கை என்று இத்தனை நாள் என்னைப் பக்கத்தில் விட்டதில்லை. அன்று மனசு தளர்ந்திருந்ததால் பூதக்கண்ணாடியை நீட்டினார்.

பார்த்தேன். பூதக்கண்ணாடியைச் சட்டென்று கீழே வைத்தேன்.

சுவிட்ச் பொருத்த ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதன் பக்கங்களில் வட்ட வட்டமாக வெட்டி, ஒரு புள்ளியில் மட்டும் ஒட்ட விட்டிருப்பார்கள். வயர் நுழைய வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டு தட்டினால் வட்டம் கழன்று விழும். ஒட்டியிருந்த இடம் மூக்காக நிற்கும். மூன்று வருடம் முன்பு அக்கா வீட்டுச் சமையலறையில் சுவிட்சை மாற்றியது நான்தான். நடுவில் தெரிந்த சின்னக் குழியை அத்தான் 'ஆலையின் சோதனைக் குத்து' என்று எழுதியிருந்தார். அது என் ஸ்க்ரூடிரைவரின் முனை. மூலை உடைந்தது, எனக்குத் தெரியாதா? நம் ஊர்ச் சில்லறையும் இரும்பு கலந்ததுதான் என்பதால் காந்தமும் காட்டிக்கொடுக்கவில்லை. எடை குறைந்ததற்கு, தகடு மெலிந்த நாளில் வெட்டியது என்று அவரே காரணம் கண்டுபிடித்திருந்தார்.

சமையலறைக்குப் போய் அக்காவிடம் காதோடு காதாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது.

"டேய், இதை அவர்கிட்ட சொன்னே, இந்த வீட்டுப் பக்கமே வராதே."

"அக்கா, பல் டாக்டர் மைக்ரோஸ்கோப்ல பாத்தா..."

"பாக்கட்டும். நீ வாயைத் திறக்காதே."

திறக்கவில்லை. கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டேன். மைக்ரோஸ்கோப்பின் பிளக் அந்த அறையில் இருந்த கருகிப்போன பழைய பாயிண்டில் நுழையவில்லை. "என் மச்சான் இருக்கான், பத்து நிமிஷத்துல புதுசு போட்டுடுவான்" என்று எதிரியின் மைக்ரோஸ்கோப்புக்காக அத்தானே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் குணம் அது.

அப்படியாக, தையல் மெஷின்களுக்கு நடுவே ஒன்பது பேர் கையுறையோடு உட்கார்ந்திருக்க, நான் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, பையிலிருந்து இரும்புப் பெட்டியை எடுத்தேன். வட்டத்தைத் தட்டாமல் வேலை நடக்காது. பெட்டியை வயிற்றோடு அணைத்து, கீழே கையை ஏந்தி, பலமாக இருமிக்கொண்டே தட்டினேன். வட்டம் கையில் விழவில்லை. தரையில் விழுந்து கணீரென்று சத்தம் போட்டு உருள ஆரம்பித்தது.

சாதாரண மனிதர்கள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பக்கூட மாட்டார்கள். இங்கே ஒன்பது தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. நான் காலால் அமுக்கப் பார்த்தேன், தப்பியது. மெஷின் கால்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போய் பல் டாக்டரின் ஷூவில் முட்டி விழுந்தது. தலைவர் டீச்சர் உட்பட ஆறு பேர் மண்டியிட்டுவிட்டார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்று பல் டாக்டர் அலறினார். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். "மேடு இல்ல... மூக்கு இருக்கு. சார், மூக்கு இருக்கு. உங்க காசோட ஜோடி சார்."

எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தரைப் பலகை இடுக்கில் எத்தனை வருடம் கிடந்ததோ என்று டீச்சர் கண் கலங்கினார். என் காலடியில் கிடைத்தது, ஆகவே என்னுடையது என்று டாக்டர் சொல்ல, அதையும் ஒப்புக்கொண்டார்கள். அவருக்கு இருந்த சந்தோஷத்தில் போட்டியே மறந்துபோய், "சார், நீங்களே முதல் தரம்னு எழுதிக் குடுங்க, உங்க கையெழுத்து இருந்தாத்தான் மதிப்பு" என்றார். கூட்டம் கை தட்டியது. அத்தானின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பதவி இனி எங்கேயும் போகாது.

அத்தான் தராசில் வைத்தார். தன் காசின் எடைக்கு ஒரு மில்லிகிராம்கூட மாறவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தார். நடுக் குழியில் சற்று அதிகமாகவே தங்கினார். பிறகு நிமிர்ந்து, யாரையோ தேடுவதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார். நான் திருதிருவென்று விழித்தேன். பெட்டியின் ஓட்டையை என் வயிற்றுப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன்.

வட்டத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக என் மூலைக்கு வந்தார்.

"மாப்ள, அதைத் திருப்பு."

திருப்பினேன். கையுறை போட்ட கையால் வட்டத்தை ஓட்டையில் வைத்தார். மூக்கு அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் முதுகு மறைத்ததால் மற்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

"அத்தான், விட்டுடுங்க. யாரும் பாக்கல" என்றேன் மெல்ல.

"நான் பாத்துட்டேனே" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனார். எல்லோருக்கும் காட்டினார். "இது காசு இல்ல. சுவிட்ச் பெட்டியில இருந்து விழுந்தது. என்னோட முதல் தரமும் இதேதான். நாலு பக்கம் எழுதினேன் பாருங்க, அதுவும் இதைப் பத்தித்தான். மன்னிச்சுக்குங்க." அவ்வளவுதான் சொன்னார். நான் அந்த இடத்திலேயே கரண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டால்கூடத் தேவலை என்று தோன்றியது.

பிறகு தேர்தல். பல் டாக்டருக்கு எட்டுக் கை உயர்ந்தது. அதில் ஒன்று அத்தானுடையது. அத்தானுக்கு ஒரே ஒரு கை. அது பல் டாக்டருடையது. அவர் தூக்கிய கையை இறக்கவே இல்லை, டீச்சர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அத்தான் தராசுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். எனக்கு முன்பே தெரியும் என்பதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் அக்கா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, "தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

"போச்சு. பதவியும் போச்சு" என்றார் அத்தான்.

அக்கா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அதை உங்க பாக்கெட்ல போட்டதே நான்தாங்க" என்றாள்.

இது எனக்கே புதுச் செய்தி.

"தம்பி வேலை பாத்துட்டுப் போனப்புறம் பெருக்கினேன். அடுப்புக்குக் கீழ கெடந்துச்சு. உங்க மொட்டைக் காசு ஒண்ணு ஆல்பத்துல இருந்து விழுந்துருச்சுன்னு நெனச்சேன். முன்னாடி ஒருதடவை ஒண்ணைக் குப்பையோட தள்ளிட்டேன்னு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தீங்க. அதான் சத்தமில்லாம சட்டையில போட்டேன். அப்புறம் பாத்தா கண்டக்டர் குடுத்தாருன்னு குதிக்கிறீங்க. குதிக்கிற மனுஷன்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

அத்தான் கோபப்படுவார் என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அவர் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அடுப்புக்குக் கீழ கெடந்த தகட்டைப் பாத்து மொட்டைக் காசுன்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தேன். எதுவும் அடிக்கல. ஓரத்தைத் தடவினேன், மேடு இல்ல. சரி, மேடு எழுப்பறதுக்கு முந்தியே தப்பிச்ச வகை போல, அபூர்வமாச்சேன்னு விரல் படாம ஓரத்தைப் பிடிச்சு எடுத்து வச்சேன்."

அத்தான் அவளையே பார்த்தார்.

"நான் சொல்றதை எல்லாம் நீ கேட்டுட்டா இருந்தே?"

"பதினேழு வருஷமா அதையேதான சொல்றீங்க. காதைக் கழட்டி எங்க வைக்கிறது?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"எடை பாத்தியா?"

"உங்க தராசைத் தொட்டா வீடு ரெண்டாகிடுமே."

அத்தான் பையைத் திறந்து தராசை எடுத்து, சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு முன்னால் வைத்தார். "தொடு" என்றார். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.