வெண்குதிரை அவனுக்கு வாய்த்த வரலாறு

எங்கள் குடும்பத்தில் ஒரு பொய் உலவுகிறது. என் தாய்மாமன் தம் வெண்குதிரையை மருமகனாகிய எனக்குத் தாராமல், பெற்ற பாசத்தால் தம் மகனுக்குக் கொடுத்துவிட்டார் என்பது அது. அதைப் பரப்பியவன் நானே. ஆதலின் நடந்ததை எழுதிவைக்கும் கடனும் எனதே.

மாமன் உடைமை மருமகனைச் சேர்வதே நாஞ்சில் நாட்டில் எங்கள் குலத்து வழக்காறு. பெற்ற மக்களுக்கும் பங்குண்டு என்று புதுச்சட்டம் வந்திருந்த காலம் அது. மாமா இரண்டையும் பேசவில்லை. அக்குதிரை, எங்கள் ஊருக்கும் வடசேரிக்கும் நடுவிலுள்ள ஆற்றுப்பாலத்தைக் கண்டதும் நின்றுவிடும், பின் அசையாது. "பாலத்தை எவன் கடத்துகானோ அவனுக்காக்கும் குதிரை" என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார்.

எனக்கும் மாமன் மகனுக்கும் ஒரே அகவை, இருபத்திரண்டு. நான் இலக்கணம் கற்றவன். அவன் வயலிலும் தொழுவத்திலும் திரிந்தவன். முதல் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. குதிரையை வண்டியில் பூட்டிப் பாலத்தருகே ஓட்டிச் சென்று சாட்டையை ஓங்கினேன். குதிரை பின்வாங்கி, வண்டிச் சக்கரம் ஒன்றை வாய்க்காலில் இறக்கிவிட்டது.

அவன் வண்டியைப் பூட்டவே இல்லை. வெறுங்கயிற்றில் பிடித்துச் சென்று பாலத்தருகே நின்றான். குதிரை ஒரு குளம்பை முன்வைத்த நொடியில் நாவால் ஓர் ஒலி எழுப்பி, மடியிலிருந்து விரல்நுனியளவு கருப்பட்டி கொடுத்தான். அது நின்றால் வையவில்லை, இழுக்கவில்லை. தானும் வாளா நின்றான். மறுநாள் இரண்டடிக்கு ஒரு துண்டு; பின்னர் நான்கடிக்கு. நான் நாள்தோறும் நீராடுபவன்போல் படித்துறையிலிருந்து பார்த்தேன். எட்டாம் நாள் அது அவன் தோளில் மூக்கை உரசிக்கொண்டே பாலத்தின் பாதியைக் கடந்தது. என்னைக் கண்டால் காதை மடக்கும் அக்குதிரை, அவன் காலடி கேட்டாலே கனைத்தது.

கருப்பட்டிதானே சூழ்ச்சி என்று எண்ணினேன். மறுநாள் அவன் சந்தைக்குப் போனபின், ஒரு முழுக் கருப்பட்டியை உடைத்து மடியில் கட்டிக்கொண்டு, வண்டியைப் பூட்டி மாமாவையும் ஏற்றினேன். பாலத்தின் தொடக்கத்தில் குதிரை நின்றது. விரைந்து இறங்கி ஒரு துண்டு நீட்டினேன். தின்றது, இரண்டடி நடந்தது, நின்று கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. மீண்டும் கொடுத்தேன். பாலத்தின் நடுவை எட்டுமுன் அடிக்கொரு முறை நிற்கலாயிற்று. அங்கே கருப்பட்டி தீர்ந்தது.

பின்னால் வைக்கோல் வண்டிகள் வரிசையாக நின்றன.

"வேய், விருந்து வைக்கதுன்னா வீட்டுல வச்சு வையும்" என்றான் ஒரு வண்டிக்காரன்.

"கல்யாணப் பொண்ணுல்லா, சும்மா நடக்குமா?" என்றான் அவனுக்குப் பின்னிருந்தவன்.

மாமா இறங்கி நின்றார். சந்தையிலிருந்து திரும்பிய மாமன் மகன் எதிரே வந்தான். அவன் சிரித்திருந்தாலும் பொறுத்திருப்பேன்.

"நின்னா குடுக்கப்பிடாது மக்கா, நடந்தாத்தான் குடுக்கணும். நிக்கதுக்குல்லா நீ கூலி குடுத்திருக்க" என்றான்.

குதிரையின் முன்னே போய்க் காத்து நின்றான். வண்டிக்காரர்களின் கூச்சலை அவன் பொருட்படுத்தவில்லை. நெடுநேரங் கழித்து ஒரு குளம்பு எழுந்தது. நாவொலி, ஒரு துண்டு. பின்னர் அக்கரை வரை அது நிற்கவில்லை.

"லே, கயித்த அவன்கிட்டயே குடு" என்றார் மாமா.

அன்று மாலையே என் தாயிடம், "பெத்த மகன்னா பாசம் இருக்கத்தானே செய்யும்" என்றேன். அச்சொல் ஊரெங்கும் பரவியது. அவன் ஒருநாளும் அதை மறுக்கவில்லை. அதற்காகவும் அவனை வெறுத்தேன்.

இதனைப் படிக்கும் அவன் வழியினர், நாட்கணக்கில் பிழையிருப்பின் திருத்துக. படித்துறையில் எட்டத்திலிருந்து பார்த்தமையாலும், அருகே நின்ற அன்று கூச்சலில் கணிக்க இயலாமையாலும் ஒன்றில் எனக்கு இன்றும் ஐயமுண்டு: அவன் ஒலியெழுப்பியது குளம்பு தரையைத் தொடுமுன்னரா, தொட்ட பின்னரா? தனியே பலமுறை முயன்றும் அவ்வொலி என் நாவுக்கு வந்ததில்லை. அறிந்தவர் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.