வண்டி ரிப்பேருங்களா?

எங்கள் தெரு முனை ரோட்டை நிறையச் செலவு செய்து அகலப்படுத்திவிட்டார்கள். நடைபாதைக்கு மட்டும் நிதி இல்லையாம். வெள்ளைக் கோட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒற்றை ஆள் நடக்கலாம்.

இன்று மாலை நடந்தேன். பனியன் மூட்டையோடு போன ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க."

"பெட்ரோல் தீந்துருச்சுங்களா?"

"வண்டியே இல்லீங்க. சும்மா நடக்கறேன்."

அவர் முகம் வாடிவிட்டது.

"ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

வீட்டில் யாருமே இல்லை என்று சொல்லவில்லை. சிரித்து அனுப்பிவிட்டேன். இன்று முழுக்க என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

நம்மூரில் வேறு யாராவது நடக்கிறீர்களா? சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.

என்ன, ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக வேண்டும். பக்கத்தில் நடக்க இடம் விடவில்லை.