குளம்புச் சத்தம்

மகள் குக்கரைத் திறந்ததும் வந்த கொள்ளு வாசனையில் என் இடது கால் தானாகப் பின்னால் போனது. மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஓட்டு வீடு இப்போது இல்லை. என் சின்ன வயதில் அப்பா அங்கே குதிரை வண்டி ஓட்டினார். சுற்றியிருந்த மேய்ச்சல் நிலத்தை வீட்டுமனையாக்கி மஞ்சள் கல் நட்டவர்கள், இனி இங்கே குதிரை கட்டக் கூடாது, கண்டால் பிடித்துக்கொண்டு போவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே குதிரையை உள்ளறைக்கு இழுத்துவந்து, அது கனைக்காமலிருக்க மூக்கைத் தடவிக்கொண்டே இருட்டில் நிற்பது என் வேலை. அதன் சூடான மூச்சு உள்ளங்கையை நனைக்கும், தோல் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்கும், எனக்கு மூத்திரம் முட்டும்.

ஒருநாள் ஜீப்பில் வந்த அவர்களுடைய ஆபீசர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“குதிரய வித்தாச்சுன்னு சொன்னியேம்மா, அப்புறம் கொள்ளு எதுக்கு வேகுது?”

“நாங்க திங்கறதுக்குத்தானுங்க சார்” என்ற அம்மா, உப்பில்லாத அந்தக் கொள்ளைத் தட்டில் போட்டு அவர் எதிரிலேயே தின்னத் தொடங்கினாள். குதிரையோடு உள்ளறையில் நின்று கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் நகரவில்லை. அம்மா மறுபடியும் போட்டுக்கொண்டாள். தன் தீனியை மோந்த குதிரை பொறுக்காமல் முன்னங்காலைத் தூக்கியது. கீழே கல் தளம். குளம்புக்கு அடியில் என் இடது பாதத்தை வைத்தேன்.

குளம்பு சத்தமில்லாமல் இறங்கியது. நானும் கத்தவில்லை.