செல்லாத கையெழுத்து

அண்ணாவைச் சிறைக்கு அனுப்பியது ஒரேயொரு வாக்குமூலம். அது அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அண்ணாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பொலிஸார் அடித்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள். மேன்முறையீடும் தோற்றபின், ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு எழுதலாம் என்றார் எங்கள் சட்டத்தரணி. முன்பிருந்த சனாதிபதி ஒருவர் சர்வதேச உடன்படிக்கையில் கையெழுத்திட்டு அந்த வழியைத் திறந்து வைத்திருந்தார்.

நானும் அம்மாவும் வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். வேலை முடிந்ததும் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போய், மனுவை நானே டைப் செய்வேன். ஒருநாள் சோதனைச் சாவடியில் ஃபைலைப் பிரித்துத் தாள்களை றோட்டில் கொட்டினார்கள். மழைத் தண்ணீரில் நனைந்தவற்றை மறுபடி டைப் செய்தேன்.

மனு முடிந்த கிழமையில், வேறொருவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

"பாராளுமன்றம் சட்டம் போடாமல் சனாதிபதி தனிய வச்ச கையெழுத்து இங்கை செல்லாதாம், தங்கச்சி. ஜெனீவா என்ன சொன்னாலும் எங்கட நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது" என்றார் சட்டத்தரணி.

நான் மனுவை அவர் மேசையில் வைத்தேன். "அப்ப வாசிக்கத் தெரியாத கடதாசியிலை அண்ணா வச்ச கையெழுத்து மட்டும் செல்லுமோ, சேர்?"

அவர் மனுவை எடுத்து ஃபைலில் போட்டார்.

அதிகாரம் பாராளுமன்றத்துக்கா, சனாதிபதிக்கா என்று அவர்கள் வாதாடட்டும். அது கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் உலகத்துக்கு முன்னால் கையெழுத்து வைத்தது அரசாங்கம். பாராளுமன்றத்திடம் போகாமல் விட்டதும் அரசாங்கம். அந்தப் பிழைக்குச் சிறையில் இருக்கவேண்டியது என் அண்ணாவா?

"இதை இப்போதைக்கு அலுமாரியிலை வைப்பம், பிள்ளை."

"இல்லை, சேர். அனுப்புவம்."

"பிரயோசனம் இராது."

"தெரியும். இவங்கள் அண்ணாவுக்குச் செய்தது வெளியாலை தெரியட்டும்."

அடுத்த நாள் நானே தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன்.

சில வருடங்களின் பின் ஜெனீவாவிலிருந்து முடிவு வந்தது. விசாரணை நியாயமற்றது, விடுதலை செய்யுங்கள் அல்லது மறுபடி விசாரியுங்கள் என்றிருந்தது. அரசாங்கம் அசையவேயில்லை. தண்டனை முழுவதையும் கழித்துவிட்டுத்தான் அண்ணா வீட்டுக்கு வந்தார். அந்த முடிவை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"இது அரசாங்கத்துக்கும் போனதோ?"

"ஓம், அண்ணா. முதல் அவையளுக்குத்தான்."

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் என்னை உள்ளுக்கை வச்சிருந்தவங்கள்."

தாள்களை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, அம்மா போட்டு வைத்திருந்த சோற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.