வீட்டுக்குக் கொடுத்த ஒத்தடம்

பிள்ளைகளா, நேற்று நான் சிரித்தது தப்புதான். முகிலன் பந்து விளையாடிக் காலைச் சுளுக்கிக்கொண்டு வந்திருக்கிறான். உங்கள் அம்மா என் பழைய வேட்டியைக் கிழித்து வெந்நீரில் நனைத்து ஒத்தடம் கொடுக்கிறாள். அவன் "ஐயோ, தோலு போச்சு" என்று கத்துகிறான். நான் கதவோரம் நின்று சிரிக்கிறேன். "அப்பாவுக்கு நெஞ்சுல ஈரமே இல்லை" என்று செல்வி சொன்னாள்.

நான் சிரித்தது காலைப் பார்த்து இல்லை. வெந்நீரில் நனைந்த பழைய வேட்டிக்கு ஒரு வாசம் உண்டு. சோப்பும் கஞ்சியும் கொஞ்சம் ஆளின் வியர்வையும் கலந்தது. அது மூக்கில் ஏறினால் எனக்கு ஒரு வீட்டின் சன்ஷேடு ஞாபகம் வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒத்தடம் கொடுத்த அப்பாக்கள் ஊரில் நிறையப் பேர். வீட்டுக்கு ஒத்தடம் கொடுத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான்.

நீங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது. இப்போது போல ஜன்னல் கதவு செய்யும் வேலை இல்லை அப்போது. நான் செய்தது பார்டர். சேலைக்கு பார்டர் இருப்பது போல வீட்டுக்கும். சன்ஷேடின் விளிம்பு, மொட்டைமாடிச் சுவரின் தலை, ஜன்னலைச் சுற்றி எல்லாம் கலர் அலுமினியத் தகட்டை அளவாக மடித்துப் பொருத்துவது. கேட்க லேசாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டில் ஒரு சன்ஷேடு மாதிரி இன்னொன்று இருக்காது. கொத்தனார் காலையில் பூசியது ஒரு கோணம், சாப்பிட்டுவிட்டு வந்து பூசியது வேறு கோணம். அதனால் தினசரிக் காலண்டர் அட்டையை வெட்டி மூலையில் வைத்து அழுத்தி, ஒவ்வொரு கோணத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அட்டையில் ஏதாவது ஒரு சாமி படம் இருக்கும். கத்தரியை வைப்பதற்கு முன்னால் நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். முருகனின் வேலாயுதத்தை நட்டநடுவில் வெட்டிய பாவம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

பிறகு பட்டறையில் மடிப்பு மெஷின். கைப்பிடியைத் தூக்கினால் தகடு மடியும். ஆனால் வேண்டியதற்கு மேல் ஒரு நூல் கூடுதலாக மடிக்க வேண்டும். கையை எடுத்ததும் அது கொஞ்சம் பின்வாங்கிவிடும். சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் பின்வாங்கும் உங்கள் சின்ன மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள், அதே குணம். தப்பாக மடித்துவிட்டால் நிமிர்த்தி மறுபடி மடிக்கவும் முடியாது. மடிப்பில் வெடித்துவிடும்.

இந்த வேலையை நான் எட்டு வருடம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் ஒரு மேஸ்திரியிடம் செய்தேன். டீ வாங்கப் போவது யார் என்று ஆரம்பித்த சண்டை, நான் தனியாகக் கடை போடுவதில் முடிந்தது. கிளம்பும்போது மேஸ்திரி சொன்னார், "போ, போ. மூணு மாசத்துல திரும்பி வருவ. உன் முக்காலில வேற எவனையும் உக்கார வெக்க மாட்டேன்." அந்த முக்காலிக்கு ஒரு கால் கட்டை. அதில் திரும்பப் போய் உட்காருவதைவிட நான் ஆடு மேய்ப்பேன் என்று ராசிபுரம் பக்கம் வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகை பிடித்தேன்.

நாலாவது மாதம் முதல் முழு வீடு கிடைத்தது. திருச்செங்கோட்டுக்குப் பக்கம், ரிக் வண்டி முதலாளி பொன்னுசாமி அண்ணன் வீடு. போர் போடுகிற வண்டியோடு பாதி வருடம் மத்தியப் பிரதேசத்தில் இருப்பார். வீட்டுப் பொறுப்பெல்லாம் அவர் சம்சாரம் சரசு அக்காவுக்கு. அக்கா தன் கல்யாணச் சேலையின் ஓரத்தைக் காட்டி, "இதே அரக்குக் கலரு வேணும் சாமி. கோபுரம் கோபுரமா வருமா?" என்றது. "அலுமினியத்துல கோபுரம் வராதுங்க்கா, படி வேணா வரும்" என்றேன். மூன்று படி வைத்து மடித்துக் கொடுத்தேன். மாசி மாதம் பொருத்தி முடித்தபோது நானே தெருவைத் தாண்டிப் போய் நின்று பார்த்துக்கொண்டேன்.

ஆனால் பார்டர் கண்ணுக்குத் தெரியவில்லை. தகட்டின் மேல் கீறல் விழாமல் இருக்க பால் வெள்ளையில் ஒரு பிளாஸ்டிக் கவர் ஒட்டி வரும். பொருத்திய கையோடு உரித்துவிட வேண்டும். நான் உரிக்கப் போவதாக அக்கா சொன்னதும் அண்ணன் போனில் பதறினார்.

"கவரைத் தொட்றாதீங்க தம்பி! பால் காய்ச்சுன பொறவு நானே எங்கையால உரிக்கோணும். சனம் பாக்கோணும்."

அண்ணன் அப்படிப்பட்ட ஆள். அவர் காரில் சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக்கை ஆறு வருடமாகப் பிரிக்கவில்லை. வெயில் காலத்தில் அதில் போய் இறங்கினால் சட்டை தனியாக, நாம் தனியாக. டிவி ரிமோட் கவருக்குள்தான் இருக்கும், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் செய்திதான் வரும். நானும் "சரிங்ண்ணா" என்றேன். பங்குனியில் விசேஷம், ஒரு மாதம்தானே என்று நினைத்தேன்.

பங்குனியில் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். புதுமனைப் புகுவிழா வைகாசிக்குத் தள்ளிப் போனது. அந்த வீட்டு முகப்போ மேற்குப் பார்த்தது. நம் ஊர்ச் சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தடவைகூட போய்ப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விசேஷம். புதன்கிழமை போனேன். பெயிண்டர் கட்டிய சாரம் இன்னும் நின்றது. ஏறி, கவரின் ஒரு ஓரத்தை நகத்தால் தூக்கினேன். நகத்தளவுதான் வந்தது. இன்னொரு இடத்தில் இழுத்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. அத்தனை அடி பார்டரிலும் கவர் வெந்து ஒட்டியிருந்தது. சாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மேஸ்திரியின் முக்காலி தெரிந்தது.

அக்கா கீழிருந்து, "என்னாச்சு சாமி?" என்றது.

"உரிய மாட்டேங்குதுங்க்கா."

"அந்த மனுசன் வெள்ளிக்கிழமை விடிய வந்து எறங்கறாரு. நாலு மச்சினனுக்கும் போன் போட்டு, பாருங்கடா பாருங்கடான்னு சொல்லி வெச்சிருக்காரு. உரியலீன்னா அத்தனையும் கழட்டிட்டுப் போகச் சொல்லுவாரு."

கழற்றினால் அது வெறும் பழைய தகடு. அதோடு ரிக் வண்டிக்காரர்கள் இந்தியா பூராவும் இருந்து ஒருத்தருக்கொருத்தர் போனில் பேசுபவர்கள். என் பெயர் ராஜஸ்தான் வரை நாறும்.

பெயிண்டர் தின்னர் ஊற்றச் சொன்னான். ஒரு துண்டுத் தகட்டில் ஊற்றிப் பார்த்தேன், கவரோடு அரக்குக் கலரும் வந்தது. அக்கா வீட்டுப் பெரியப்பா ஒருத்தர் எலுமிச்சம்பழம் என்றார். இன்னொருத்தர் விளக்கெண்ணெய் என்றார். தேய்த்தேன். சன்ஷேடுக்குப் பேதி ஆனது போல வழிந்ததுதான் மிச்சம்.

வியாழன் காலையில் விசேஷத்துக்குப் பெரிய அண்டாக்கள் வந்து இறங்கின. அதில் ஒரு புது எவர்சில்வர் குண்டாவும் இருந்தது. அக்கா அதை அடுப்புத் தணலில் ஒரு தடவை காட்டிவிட்டு, ஸ்டிக்கரை முழுசாக, கிழியாமல் உரித்தது. உரித்த கையோடு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தது. நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஏனுங்க்கா, ஊட்டை எப்படிங்க அடுப்புல வெக்கறது?"

"ஊட்டை வெக்க வேண்டாஞ் சாமி. ஒத்தடம் குடு."

பந்திக்கு வந்த சமையல்கார மாரப்பனிடம் வெந்நீர் கேட்டதும் அவர் கரண்டியை ஓங்கினார். "நா சாம்பாருக்குப் பருப்பு போடோணுங்க! சுவத்தைக் குளிப்பாட்டவா வந்தேன்?" அக்கா ஒரு பார்வை பார்த்தது. அண்டா கொதித்தது. வீட்டிலிருந்த பழைய வேட்டி, சீலைத்துணி எல்லாம் கிழிபட்டன. முன்னாடியே வந்திருந்த சொந்தக்காரர்கள் பாதிப் பேர் சாரத்தில் ஏறினார்கள். சுடுதுணியைப் போடுவது, இருபது எண்ணுவது, எடுப்பது, கவரை மெதுவாக இழுப்பது. வந்தது! முழ நீளத்துக்கு வந்தது! அத்தைமார்கள் போட்டி போட்டார்கள். "எம் பக்கம் ஒரே இழுப்புல வந்துச்சு", "உங்க பக்கம் நெழலுங்க, அதான்." ஒரு மாமா எண்ணும்போது பதினேழில் தூங்கிப் போய், துணி ஆறிவிட்டது. அவரை இறக்கிவிட்டோம்.

சாயங்காலம் பொழுது சாயும்போது முழு வீடும் அரக்குக் கலரில் நின்றது. அப்போதுதான் அக்கா தலையில் கை வைத்தது. "ஐயோ சாமி, அவரு உரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே!"

ராசிபுரம் ஓடினேன். மிச்சமிருந்த புதுத் தகட்டில் வாசலுக்கு மேலே வருகிற பார்டரை மட்டும் கவரோடு மடித்தேன். எடுத்து வந்து பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. அண்ணன் புது வேட்டியில் ஏணி ஏறி, சனத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பு. சர்ர் என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சாரத்தில் ஏறிய அத்தைமார்கள்தான் எல்லோரையும் விட எச்சாகத் தட்டினார்கள்.

"மத்ததெல்லாம்?" என்றார் அண்ணன்.

"வாசல்தானுங்க முக்கியம். மத்ததை நேத்தே உரிச்சாச்சு" என்றது அக்கா.

"பாத்தீங்களா நம்ம தம்பி வேலைய! வெண்ணெய் மாதிரி உரியுது!" என்று அண்ணன் நாலு மச்சினர்களையும் என் பக்கம் தள்ளினார். அதில் மூன்று பேர் அங்கேயே வீட்டு வேலை கொடுத்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே நிபந்தனை. விசேஷம் வரைக்கும் கவரைப் பிரிக்கக் கூடாது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.

பொன்னுசாமி அண்ணன் இப்போது இல்லை. அக்கா தன் மகனோடு ஓசூரில் இருக்கிறது. மேஸ்திரியின் பட்டறை இருந்த சந்தில் செல்போன் கடை. போன மாதம் வேலையாகத் திருச்செங்கோட்டுப் பக்கம் போனேன். அண்ணன் வீட்டை யாரோ வாங்கி முகப்பை மாற்றியிருக்கிறார்கள். என் மூன்று படி பார்டரில் ஒரு துண்டுகூட இல்லை, எடைக்குப் போயிருக்கும். அந்த இடத்தில் மரக் கலரில் பெரிய பெரிய தகட்டுப் பலகைகள். எல்லாவற்றின் மேலும் பால் வெள்ளைக் கவர். வாசலில் பந்தக்கால் இல்லை, விசேஷம் எப்போதோ. மேற்கு வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது.

கூப்பிட்டுப் பார்த்தேன். ஆள் இல்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கி, கைக்கு எட்டிய கடைசிப் பலகையின் மூலையில் நகத்தை விட்டு, கவரை ஒரு அங்குலம் தூக்கிவிட்டு வந்தேன்.