லோகேஸ்வரியின் சூமோ அட்டைகள்

என் நாத்தனார் லோகேஸ்வரி மெலிந்து நான் பார்த்ததே இல்லை. ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது அம்பாங்கானில் தனியாக இருந்து கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் உடம்பைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, பலகாரத்தை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனார்கள். அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜப்பானிலிருந்து பழைய சாமான்கள் வந்து இறங்கும் பண்டல் கடையில் ஒருநாள் அவளுக்கு ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே கெட்டி அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூமோ மல்யுத்த வீரர். அந்தக் காலத்து ஜப்பான் பிள்ளைகள் தரையில் ஓங்கி அடித்து விளையாடியவையாம்.

"பாருங்க அண்ணி, இவ்ளோ பெரிய தொப்பய வெச்சிக்கிட்டு எப்படி நிமிந்து நிக்கிறான்! ஒருத்தனும் இவனப் பாத்து சிரிக்கல லா" என்றாள்.

அன்று பிடித்த பித்து விடவில்லை. தேடித் தேடி வாங்கி, முன்கூடத்துச் சுவர் முழுக்கச் சட்டம் போட்டு மாட்டினாள்.

என் வீட்டுக்காரர் ரவிச்சந்திரனுக்கு அது ஆகவே ஆகாது. அண்ணன் தங்கை இருவருக்கும் தாத்தாவான மனிதரைச் சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் கெமாஸில் ரயிலேற்றி, சயாமுக்குத் தண்டவாளம் போடக் கொண்டுபோனான். ஆள் திரும்பவில்லை. செத்த நாள் தெரியாததால் தீபாவளிக்கு முதல் நாள் அவருக்குப் படையல். மூத்த பேரன்தான் சூடம் கொளுத்த வேண்டும். இந்த வருஷம் படையல் லோகேஸ்வரி வீட்டில்.

இலை போட்டு, ஆட்டுக்கறி, கள்ளு, வேட்டி எல்லாம் வைத்தாயிற்று. இவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை முறைத்தார்.

"அதுங்கள கழட்டி எரி. அப்பறந்தான் சூடம் கொளுத்துவேன். தாத்தாவ கொன்னவன் படத்துக்கு முன்னால படையலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தீப்பெட்டியைப் பிடுங்கிவிட்டாள்.

"தாத்தாவ இழுத்துட்டுப் போனவன் பூட்ஸ் போட்டிருந்தான், துப்பாக்கி வெச்சிருந்தான்னு அப்பா சொல்லுவாரு. இவங்ககிட்ட என்ன இருக்கு? கோவணந்தான். தாத்தாவும் கோவணத்தோடதான் பால்மரம் வெட்டுனாரு."

சூடத்தை அவளே கொளுத்தினாள். அது நன்றாகத்தான் எரிந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"சாப்பிடுறதுன்னா உக்காருண்ணே. போறதுன்னா செருப்பு வாசல்ல இருக்கு. அட்ட எங்கயும் போவாது."

வா போகலாம் என்பதுபோல் இவர் என்னைப் பார்த்தார். நான் அவள் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்குக் கறி கொஞ்சம் கூடவே வை, லோகேஸ்" என்றேன்.